ஓரத்தைப் பார்க்கவும்

அக்காவிடம் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் திரும்பி வரும். காலியா இருந்தா? ரெண்டு இருந்தா? பாதியில நின்னா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆபீஸ் வேனில் அவர் காதோடு சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் பையன் என்ன செய்கிறான், எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். அக்கா, “அவங்க வரலைன்னா பஜ்ஜி மாவ என்ன பண்ணுவீங்க?” என்றார். “ஒரே நாள்ல இன்னொரு வீட்டுக்காரங்களும் வந்துட்டா எங்க உக்கார வெப்பீங்க? பாதியில எழுந்து போயிட்டா யாரு போய் பேசறது?”

முன்னால் டிரைவர் அண்ணாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. “இன்னாக்கா, மாப்ள வூட்டுக்காரங்களுக்கே டெஸ்டிங்கா?” என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. யாரோ பெரியப்பா தவறிவிட்டார் என்று மதியம் போன் வந்தது. பஜ்ஜி மாவு மட்டும் கரைக்கப்படாமல் டப்பாவிலேயே இருந்தது. அக்காவின் கேள்விகளை நான் வீட்டில் பழித்துக் காட்டியதை அம்மா மட்டும் ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்கிறாள். “யாருடி அது, நல்லா யோசிக்கிறாளே” என்றாள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அவருக்குச் செய்ததைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு அவர் பெயர் தேவையில்லை.

எங்கள் அலுவலகம் நாவலூரில் இருந்தது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள், வருடம் முழுக்க ஒரே குளிர். எங்கள் அறைக்குள் செல்போன் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போக ஒரு அட்டை, வெளியே வர அதே அட்டை, பாத்ரூமுக்கு எத்தனை தடவை போனோம் என்பதுகூட எங்கோ பதிவாகும். அக்கா சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். யோசிக்கும்போது அடையாள அட்டையின் நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். நாடா நைந்து நூல் நூலாகப் போயிருந்தது.

அவர் பார்த்துக்கொண்ட மென்பொருளுக்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும், முடிந்ததும் ஒரு வரி சொல்லும். அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்காக எழுதியது. நானூறு சொச்சம் கிளினிக்குகள் தினம் காலையில் தங்களுக்கு என்னென்ன மருந்து வேண்டும் என்று ஆளுக்கொரு ஃபைல் அனுப்பும். எல்லாவற்றையும் படித்து, சரிபார்த்து, கிடங்குக்கு அனுப்புவது அதன் வேலை. அக்கா வருவதற்கு முன்னால் அது ரோஷக்காரப் பேர்வழியாக இருந்ததாம். ஏதோ ஒரு கிளினிக் தேதியை மாற்றி எழுதிவிட்டால் போதும், சிவப்பில் ஒரு வார்த்தையைத் துப்பிவிட்டு அங்கேயே செத்துவிடும். மற்ற நானூறு பேருக்கும் அன்றைக்கு மருந்து கிடையாது.

அக்கா அதை மாற்றினார். பிசகான ஃபைல் வந்தால் அதை எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் வைக்கும். எந்த வரியில் என்ன பிசகு, யாரிடம் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதும். பிறகு அடுத்த ஃபைலுக்குப் போகும். அந்த ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் ‘ஓரம்’. ஆங்கில எழுத்தில் ஓரம். வெள்ளைக்காரர்கள்கூட மீட்டிங்கில் “ஓரேம், ஓரேம்” என்று சொல்லப் பழகிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் திரையில் கடைசி வரி வரும். இத்தனை முடிந்தது, இத்தனை ஓரத்தில் இருக்கிறது, ஓரத்தைப் பார்க்கவும்.

“ஒருத்தர் ஃபைல்ல பிசகுன்னா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? அதுக்காக அந்த ஒருத்தர தூக்கியும் போடக்கூடாது. ஓரமா உக்கார வெச்சு, அப்புறம் போய் என்னன்னு கேக்கணும்.”

காலியான ஃபைல் வந்தால் அதைத் தப்பு என்று சொல்ல அவருக்கு மனசு வராது. “இன்னிக்கு அவங்களுக்கு எதுவும் வேணாம். அதுவும் ஒரு பதில்தானே” என்பார். திரையில் வரும் செய்திகளில் யாரையும் திட்டக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். ‘தவறான உள்ளீடு’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘பதினான்காவது வரியில் தேதி புரியவில்லை, நாள் முதலில் வர வேண்டும்’ என்று எழுதினார். யாராவது பாதியில் நிறுத்தினால்கூட அது அப்படியே விழாது. கையிலிருக்கும் ஒரு ஃபைலை முடித்து, எதுவரை வந்தோம் என்று குறித்து வைத்துவிட்டுத்தான் நிற்கும். மறுபடி ஓட்டினால் அங்கிருந்து தொடரும்.

அவர் என்னிடம் கோபப்பட்டது ஒரே தடவை. என் பங்குக்கு நான் எழுதிய ஒரு பகுதியில் அடிக்கடி பிழை வந்துகொண்டிருந்தது. எனக்குச் சலித்துப் போய், பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போ என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். திரை சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. அக்கா அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“இது என்ன?”

“சமாளிச்சிருக்கேன்க்கா. நிக்காது.”

“மறைக்கிறதும் சமாளிக்கிறதும் ஒண்ணா? நிக்கறது எவ்வளவோ மேல். நின்னா யாராவது வந்து பாப்பாங்க. நீ பண்ணியிருக்கறதுல யாருக்கும் தெரியவே தெரியாது. சமாளிக்கிறதுன்னா வாயத் தொறந்து சொல்லிட்டு சமாளிக்கணும்.”

அன்று மாலை வேனில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார். கோபம் அத்தோடு சரி. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இருந்துவிட்டது. இருந்து என்ன பிரயோஜனம்?

வேன் என்றால் தினம் இரண்டு வேளை. காலையில் முடிச்சூரில் அக்காவை ஏற்றிக்கொண்டு, பெருங்களத்தூரில் என்னை ஏற்றிக்கொண்டு, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் நாவலூர். மாலையில் அப்படியே திரும்பி. ஜன்னல் திறக்காத ஏசி வண்டி. கண்டிகைக்கும் கொளப்பாக்கத்துக்கும் நடுவில் நின்றுவிட்டால் முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது, இறங்கி நடக்கவும் வழியில்லை. அக்கா கடைசி சீட்டில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். விரல் நாடாவைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். பேச்சு கிடையாது. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தாள். பள்ளி மூன்று மணிக்கு விடும். மூன்று மணிக்குத் தெரிந்த முகம் ஒன்று கேட்டில் நிற்க வேண்டும். தெரியாத முகம் வந்து கையைப் பிடித்தால் அவள் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அக்காவின் கணவர் கப்பலில் வேலை பார்த்தார், வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. மாமனார்தான் மொபெட்டில் போய் அழைத்து வருவார். முடிச்சூரில் நிலம் வைத்துப் பயிரிட்டவர், இப்போது அதே நிலத்தில் எழும்பிய குடியிருப்புகளுக்கு நடுவில் மொபெட் ஓட்டப் பயந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது.

அவருக்கு மெசேஜ் அனுப்பத் தெரியாது. அதனால் ஓர் ஏற்பாடு. ஒரு மிஸ்டு கால் வந்தால் பேத்தியை ஏற்றியாயிற்று. இரண்டு வந்தால் ஏதோ பிரச்சினை. ஒன்றுமே வராவிட்டால் அக்கா தன் பட்டியலை எடுப்பார். முதலில் பள்ளி வாட்ச்மேன். அவர் இல்லையென்றால் தெருமுனை ஆட்டோக்காரர். அவரும் இல்லையென்றால் கேட்டுக்கு எதிரே பூ விற்கும் அம்மா. சும்மா எழுதி வைத்த பட்டியல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளை அழைத்துப் போய், இந்த மூவரோடும் ஐந்தைந்து நிமிடம் நிற்க வைத்து, முகத்தைப் பழக்கியிருந்தார். பூக்கார அம்மா ஒருமுறை, “இன்னா பாப்பா, சிரிக்கமாட்டேன்ற, பூவாச்சும் வெச்சிக்க” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு மகள் அசையாமல் நின்றாளாம். அதை அக்கா பெரிய வெற்றியாக என்னிடம் சொன்னார்.

செல்போன் லாக்கரில். அதனால் தினம் மூன்று பத்துக்கு அக்கா எழுந்து வெளியே போவார். லாக்கரைத் திறந்து ஒரு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாட்டில் மிச்சம் வைத்த தயிர்சாதம் அவருக்கு இறங்கும்.

வருட முடிவு மதிப்பீட்டில் மேனேஜர் அவரைக் கேட்டாராம், “இந்த வருஷம் நீங்க தீர்த்து வெச்ச பெரிய பிரச்சினை என்ன?” அக்கா யோசித்துவிட்டு, “பிரச்சினை எதுவும் வரலை சார்” என்றிருக்கிறார். மேனேஜர் சுமார் என்று போட்டுவிட்டார். நின்று போகிற மென்பொருளை ஓட வைத்தவர்களுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. அக்காவுடையது நின்றதே இல்லை.

அந்த செப்டம்பரில் அவர் ராஜினாமா எழுதினார். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பு கிடைத்திருந்தது. சம்பளம் குறைவு. ஆனால் பள்ளிக்கு நடந்தே பத்து நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு இடைவேளை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். டிசம்பர் முதல் வாரம் சேர வேண்டும், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரோடு. எங்கள் தொழிலில் அந்தக் கடிதம் இல்லாமல் போனால் ஓடிப்போனவர் என்று பதிவாகிவிடும். கல்லூரிக்காரர்களும் அதில் கறார்.

மேனேஜர் பதறிவிட்டார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அக்காவின் வேலை அவர் கண்ணில் பட்டது. “அந்த டூல் தெரிஞ்ச இன்னொரு ஆள் நம்மகிட்ட இல்லியே” என்றார். யாராவது ஒருவர் முழுதாகக் கற்றுக்கொண்டு, பொறுப்பை வாங்கிக்கொண்டேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கடிதம். அந்த யாராவது நான்தான் என்று முடிவாயிற்று.

அக்கா முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் ஆவணம் தயார் செய்து அன்றே எனக்கு மெயிலில் அனுப்பினார். அவருக்குத் தெரிந்த எல்லா விசித்திரங்களும் அதில் அட்டவணையாக இருந்தன. மூன்று பத்திகள். என்ன நடந்தால், என்ன செய்ய வேண்டும், யார் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்தில் படித்து, இரண்டு வாரத்தில் பழகி, மூன்றாவது வாரம் கையெழுத்துப் போட்டிருக்கலாம். எனக்கு அந்தத் திறமை இருந்தது. போடவில்லை. ஏன் என்றால், போட்ட நிமிடத்திலிருந்து அந்த மூலை நாற்காலி எனக்கு. டூல் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வேறு பிராஜெக்டுக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த அறையிலிருந்தும் அந்த வேனிலிருந்தும் வெளியேறத் துடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வரும் கதவு வழியாக நான் உள்ளே போக வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. ஆகவே கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

“அக்கா, ஒரே கிளினிக் ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் அனுப்பினா?”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். “நல்லா கேட்ட! ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ண விட்டுடும். வேற வேறயா இருந்தா என்னன்னு நான் யோசிக்கலயே” என்று உட்கார்ந்து எழுதினார், சோதித்தார், அட்டவணையில் ஒரு வரி சேர்த்தார். மூன்று நாள் போயிற்று. அடுத்து, கிளினிக்கின் பெயர் ஐம்பது எழுத்தைத் தாண்டினால்? இரண்டு நாள். படிக்கும்போதே யாராவது அந்த ஃபைலை அழித்துவிட்டால்? நான்கு நாள். அவருடைய மூன்று கேள்விகளையே எடுத்து நான் அவரைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வேலை நாள் இரண்டு தடவை தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் கல்லூரிக்குப் போன் செய்து பணிவாக ஏதோ சொல்வார்.

நவம்பரில் ஒரு நாள் காலையிலிருந்தே அடைமழை. ஒரு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பள்ளிகளையும் மதியத்தோடு மூடச் சொல்லிவிட்டார்களாம். லாக்கரைத் திறந்தபோது அக்காவின் போனில் இரண்டு மிஸ்டு கால். கூப்பிட்டால் மாமனாரின் போன் அணைந்திருந்தது. வேனில் ஏறினோம். கண்டிகை தாண்டி வண்டி நின்றது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் பழுப்புத் தண்ணீர்.

அக்கா பட்டியலை எடுத்தார். வாட்ச்மேன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, அவர் வீட்டுக்குள் தண்ணீர். ஆட்டோக்காரர் இரும்புலியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். “நவுரவே முடிலக்கா, வண்டி ஆஃப் ஆயிட்சி” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. பூக்கார அம்மா மழையில் கடை போடவில்லை. பள்ளியில் போனை யாரும் எடுக்கவில்லை.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பெயரையும் பார்த்தார். “மூணு பேரையும் ஒரே மழை நிறுத்தும்னு நான் யோசிக்கலயே” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு எழுந்து கதவைத் திறக்கப் போனார்.

“எறங்காதக்கா!” டிரைவர் அண்ணா திரும்பிக் கத்தினார். “பள்ளம் கீது, எங்கன்னே தெரியல. பொண்ணுக்கு அப்பால அம்மா வோணுமா வேணாமா?”

கைப்பிடியில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. திறக்கவும் இல்லை. இரண்டரை மணி நேரம் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். உட்காருங்கள் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஜன்னலில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போயிற்று.

வண்டலூர் வந்ததும் இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலைப் பிடித்தோம். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். பள்ளியில் ஒரு டீச்சர் மட்டும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு காத்திருந்தார். குழந்தை மேஜைக்கு அடியில் இருந்தாள். “நாலு பேர் நாலு பேரா வந்து மத்த புள்ளைங்கள கூட்டிட்டுப் போனாங்களா, ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும் போய் பாத்துட்டு வந்தா மேடம். அப்புறம் கடிச்சுக்க ஆரம்பிச்சுட்டா” என்றார். இரண்டு மணிக்கட்டிலும் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அக்கா ஈரப் புடவையோடு மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை நாடாவைப் பிடித்து, முகர்ந்து பார்த்து, தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

நான் அழுதுவிட்டேன். “அக்கா, நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்” என்றேன். அவர் தலையாட்டினார். மாமனார் ஒரு மெக்கானிக் கடையில் பத்திரமாக ஒதுங்கியிருந்தது பிறகு தெரிந்தது.

மறுநாள் கையெழுத்துப் போடும் எண்ணத்தோடுதான் போனேன். நம்பினால் நம்புங்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சந்தோஷம்மா. ஆனா யோசிச்சுப் போடு. போட்டா அடுத்த ரெண்டு வருஷத்துக்கு இதுக்கு நீதான். மாற்றல் எல்லாம் அப்புறம் பேச முடியாது.” பேனாவோடு அக்காவின் மேஜைக்கு வந்தேன். படிவம் தயாராக இருந்தது. அவர் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

“அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். “கேளு.”

“பாதியில கரண்ட் போனா?”

அது முதல் பக்கத்தில் முதல் வரி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “மொதப் பக்கத்துல இருக்கும்மா” என்றார். ஆனாலும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, அதே குரலில், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொன்னார். நான் குறிப்பெடுத்துக்கொள்வதுபோல எழுதிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

டிசம்பர் இரண்டாவது வாரம் வேனில், “காலேஜ்ல வேற ஆள போட்டுட்டாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ராஜினாமாவை வாபஸ் வாங்கினார். மேனேஜர் கேக் வாங்கி வெட்டச் சொன்னார். அக்கா கேக்கை வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, முட்டை சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவர் இருந்தார். அவருக்கென்று பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

மார்ச்சில் எனக்குக் கிண்டியில் வேறு வேலை கிடைத்தது. நான் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. அதனால் முப்பதே நாளில் ரிலீவிங் லெட்டர் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் மதியம் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்காக மெயில்களை அழித்துக்கொண்டிருந்தேன். அக்கா செப்டம்பரில் முதன்முதலாக அனுப்பிய ஆவணம் கண்ணில் பட்டது. என் கேள்விகள் எதுவும் சேராத பழைய பிரதி. திறந்தேன். இரண்டு மாதம் படிப்பதாக நடித்தேனே தவிர, பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்பால் நான் போனதே இல்லை. சும்மா கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். முதல் பத்தியில், பொறுப்பை வாங்குபவர் கையெழுத்துப் போடாவிட்டால். இரண்டாம் பத்தியில், வற்புறுத்த வேண்டாம், பயமாக இருக்கும், கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும், அவரை ஓரத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடரவும். மூன்றாம் பத்தி, யார் பார்க்க வேண்டும். அதில் ஒரே வார்த்தை. அவரே.

அந்த ‘அவர்’ நான்தான். நான் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்னால் எழுதியது அது. முதல் நாளே அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு கேள்விக்கும் முகம் மலர்ந்திருக்கிறார். அந்த மலர்ச்சியும் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாலை வேனில் கடைசி சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொளப்பாக்கத்தில் வழக்கம்போல வண்டி நின்றது.

“அக்கா, கடைசிப் பக்கம் படிச்சேன்.”

கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தார். “இப்பதானா?”

“இப்பதான்.”

நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டு வந்தால் தேவலை என்று இருந்தது. கடைசியில் நானே உளறினேன். “இப்பவாவது போட்டுத் தரட்டுமாக்கா? மேனேஜர்கிட்ட நான் பேசறேன்.”

“போறவங்க கையெழுத்து செல்லாதும்மா” என்றார். கோபம் இல்லை. ஓரத்தில் வைத்த ஃபைலின் பக்கத்தில் அவர் எழுதும் குறிப்பைப் போலத்தான் இருந்தது. எந்த வரியில் என்ன பிசகு என்று மட்டும்.

பெருங்களத்தூர் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“புது ஆபீசுக்கு எப்படிப் போவ?” என்று கேட்டார்.

“ட்ரெயின்லக்கா.”

“ட்ரெயின் ஓடலைன்னா?”

நான் திரும்பிப் பார்த்தேன். “யோசிச்சு வெச்சுக்க” என்றார். டிரைவர் அண்ணா, “நல்லாரும்மா, வர்ட்டா” என்று கதவை இழுத்துச் சாத்தினார். ஏசி வண்டியின் கறுப்புக் கண்ணாடிக்குள் யாரும் தெரியவில்லை. வேன் அவரை ஏற்றிக்கொண்டு முடிச்சூர் ரோட்டில் திரும்பியது. மறுநாள் காலை ஏழேகாலுக்கு அது மறுபடி வந்திருக்கும். அவர் அதில் இருந்திருப்பார்.